இறைத்த கிணறு: வளவுத் தோட்டத்தின் வழியாகக் கிறிஸ்தவ ஆன்ம பலத்தைத் தேடுவோருக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி நிலத்தின் கீழே தங்குகிறது. அதைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் கத்தரியும் மிளகாயும் வெங்காயமும் நாம் விளைவிக்கிறோம். அதனால்தான் இங்கே காணி வாங்கப் போகிறவர் மண்ணைப் பார்க்குமுன் கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீர் நல்லதா உவரா என்று கேட்கிறார். ஆன்ம பலத்தைப் பற்றி எழுதும்போது நான் இந்தக் கிணற்றிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். கிறிஸ்தவ விசுவாசம் தரும் பலமும் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் ஏற்கனவே இருக்கிறது. அதை ஒவ்வொரு நாளும் இறைத்து, ஒரு சிறிய பாத்திக்குக் கட்டுவதுதான் நம்முடைய வேலை.

விசுவாசத்தில் புதிதாகக் காலடி வைத்தவர்களையும், ஞாயிறு வழிபாட்டுக்குத் தவறாமல் போய்வந்தும் வார நாட்களில் உள்ளம் வறண்டு கிடப்பதாக உணர்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லாதவர்களும் தயங்க வேண்டாம். தோட்டத்தில் புதியவரும் செபத்தில் புதியவரும் செய்கிற தவறுகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், இரண்டையும் ஒரே நேரத்தில் பழகுவது சுமையாக இராது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்ட வேலை செபத்துக்கு மாற்றும் இல்லை, திருச்சபைக்கு மாற்றும் இல்லை. பச்சையைப் பார்த்தால் மனம் அமைதியடைவது உண்மைதான். ஆனால் அந்த அமைதி எவருக்கும் பொதுவானது. கிறிஸ்தவர் தேடுகிற பலம் கிறிஸ்துவில் நிலைத்திருப்பதால் வருகிற பலம். தோட்டம் அந்த நிலைத்திருத்தலுக்கு நம் கையையும் காலையும் பழக்குகிற இடம். ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கடவுள் மனிதனுக்குக் கொடுத்த முதல் வேலை தோட்டத்தைப் பண்படுத்திக் காப்பது என்பதையும், உயிர்த்தெழுந்த ஆண்டவரை மகதலேனா மரியாள் முதலில் கண்டபோது தோட்டக்காரர் என்றே எண்ணினாள் என்று யோவான் 20ஆம் அதிகாரம் சொல்வதையும் நினைத்துப் பார்த்தால், இந்தப் பழக்கம் வேதாகமத்துக்கு வெளியே எங்கோ தேடி எடுத்தது ஆகாது.

முதற்படி: இடமும் நேரமும்

பத்து அடி நீளமும் நாலு அடி அகலமும் கொண்ட ஒரே ஒரு பாத்தி போதும். இரு பக்கத்திலிருந்தும் கை எட்டும் அகலமாக இருந்தால் பாத்தியை மிதிக்கத் தேவையில்லை. கிணற்றடிக்கும் குசினிக்கும் இடையில், காலை வெயில் படுகிற இடத்தைத் தெரிவு செய்யுங்கள். வளவின் கோடியில் தொடங்கினால் மூன்றாம் நாளே போகமாட்டீர்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் நாலு சாடிகளிலோ, கீழே துளையிட்ட சீமெந்துப் பைகளிலோ தொடங்கலாம்.

செபத்துக்கும் இதே அளவுதான். பதினைந்து நிமிடம், அதே இடம், அதே நேரம். உற்சாகத்தில் ஒரு மணி நேரம் என்று தீர்மானிக்கிறவர்கள் அரைப் பரப்புக் காணியை ஒரே நாளில் கொத்தப் புறப்படுகிறவர்களைப் போன்றவர்கள். முதுகு பிடித்துக்கொண்ட பின் இரண்டு வாரம் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். விடியற்காலை, வெயில் ஏறுமுன், வீட்டில் மற்றவர்கள் எழும்புமுன் உள்ள நேரமே இரண்டு வேலைக்கும் ஏற்றது. கிணற்றடியில் ஒரு கல்லையோ பழைய கதிரையையோ போட்டு, அதையே உங்கள் செப இடமாக்கிக்கொள்ளுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, ஆவணியில் மண்ணை ஆயத்தப்படுத்தத் தொடங்கி, புரட்டாதியில் விதைத்து, ஐப்பசி மழையை எதிர்கொள்வது நம்முடைய ஊர் வழக்கம். ஆனால் இந்தக் கட்டுரையை மாசியில் வாசிக்கிறவர் ஆவணிவரை காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் கட்ட முடிந்தால் கோடையிலும் கீரை விளையும். புதுவருடம் பிறக்கட்டும், தவக்காலம் வரட்டும் என்று தள்ளிப்போடுகிற மனது எத்தனை வருடமானாலும் அப்படியே தள்ளிப்போடும்.

இரண்டாம் படி: கொத்துதலும் குழை தாழ்த்தலும்

மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் விதைக்கிறவனைப் பற்றி இயேசு சொன்ன உவமையை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. வலிகாமத்துச் செம்மண் செழிப்பானது. ஆனால் பல இடங்களில் அது மெல்லிய போர்வையாகத்தான் கிடக்கிறது, கொஞ்சம் ஆழமாகக் கொத்தினால் மண்வெட்டி கல்லில் இடறும். மண் ஆழமில்லாத இடத்தில் பயிர் சீக்கிரம் முளைத்து, வெயில் ஏற வாடிப்போகும் என்று ஆண்டவர் சொன்னதை நாம் ஒவ்வொரு பங்குனியிலும் பார்க்கிறோம். ஆகவே பாத்தியை ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்தி, வருகிற கல்லைப் பொறுக்கி ஓரத்தில் அடுக்குங்கள். முழுக் கல்லையும் எடுத்து முடிக்க ஒருவராலும் முடியாது. இந்தப் போகத்துக்கு வேர் இறங்குகிற அளவு எடுத்தால் போதும்.

இதற்கு இணையான உள்வேலை, கடவுளுக்கு முன்னால் உள்ளதை உள்ளபடி சொல்வது. ஒரு கொப்பியை எடுத்து, மனதுக்குள் கல்லாகக் கிடப்பவற்றை ஒவ்வொரு நாளும் ஒன்றாக எழுதுங்கள்: மன்னிக்க முடியாத ஒருவர், ஒப்புக்கொள்ளாத ஒரு பொய், யாரிடமும் சொல்லாத ஒரு பயம். எழுதியதை உரக்க வாசித்து, "ஆண்டவரே, இதை நான் தூக்க முடியாமல் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அலங்காரமான வார்த்தைகளைத் தேட வேண்டாம். சங்கீதங்களில் பாதிக்குப் பாதி புலம்பல் இருப்பதாகத் தோன்றும் அளவுக்கு, தாவீதும் மற்றவர்களும் கடவுளிடம் முறையிட்டிருக்கிறார்கள்.

கொத்திய பின் குழை தாழ்க்க வேண்டும். இந்த வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிய தலைமுறை இதை மறந்துகொண்டு போகிறது. வேலியிலுள்ள பூவரசிலும் கிளிசரியாவிலும் குழையை வெட்டி, பாத்தியில் சாணளவு ஆழத்துக்குச் சால் இழுத்து, குழையை நெருக்கமாகப் பரப்பி, மாட்டெருவும் தூவி, மண்ணால் மூடித் தண்ணீர் விடுவார்கள். பழைய பனையோலையையும் அப்படித் தாழ்ப்பதுண்டு. குழை மூன்று நாலு கிழமையில் உக்கும். உக்கும்போது மண்ணுக்குள் சூடு ஏறும். அந்த நேரத்தில் கன்று நட்டால் வேர் வெந்துவிடும். பொறுத்திருந்து, தோண்டிப் பார்க்கும்போது குழையின் வடிவம் தெரியாமல் மண்ணோடு மண்ணாகி, நல்ல மணம் வருகிற போதுதான் நட வேண்டும்.

துக்கத்தைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் இந்தக் குழையிலிருந்து அறிந்ததுதான். நம் ஊரில் இழப்பில்லாத வீடு குறைவு. இழந்தவரிடம் போய், கடவுள் எல்லாவற்றையும் நன்மைக்கே செய்கிறார் என்று அடுத்த நாளே சொல்வது, பச்சைக் குழைக்கு மேல் கன்று நடுவது போன்றது; சொன்ன வசனம் உண்மையானதாக இருந்தாலும் கேட்பவரின் வேர் வெந்துவிடும். துக்கத்தைக் கடவுளின் கையில், மண்ணுக்குள், மூடி வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருங்கள். அது உக்குவதற்கு எத்தனை மாதம் எடுக்கும் என்று மற்றவர் தீர்மானிக்க முடியாது.

மூன்றாம் படி: கீரை விதையும் மாற்கு நற்செய்தியும்

புதியவர் முதலில் விதைக்க வேண்டியது முளைக்கீரை. விதை கடுகிலும் சிறியது. ஒரு பங்கு விதையோடு பல பங்கு உலர்ந்த மணலைக் கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது. மேலே மிக மெல்லியதாக மண் தூவி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். வாளியால் ஊற்றினால் விதை ஓரத்துக்கு அடிபட்டுப் போய்விடும். எறும்பு விதையைக் காவிக்கொண்டு போகாமல் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவி விடலாம். சில நாட்களில் முளை தெரியும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் பிடுங்கலாம்.

கீரை விதைக்கிற அன்றே மாற்கு நற்செய்தியைத் தொடங்குங்கள். நாலு நற்செய்திகளிலும் அதுவே சிறியது, 16 அதிகாரங்கள். நாளுக்கு அரை அதிகாரம் வாசித்தால் 32 நாளில் முடியும், அதாவது கீரை பிடுங்குகிற நேரமும் உயிர்த்தெழுதலை வாசிக்கிற நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். வாசிக்கும்போது உரையாசிரியர்களைத் தேடிப் போக வேண்டாம். இயேசு என்ன செய்தார், யாரைத் தொட்டார், யாரிடம் என்ன கேட்டார் என்பதை மட்டும் பாருங்கள். ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் விடும்போது அதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

நாலாம் அதிகாரத்துக்கு வரும்போது, மற்ற மூன்று நற்செய்திகளிலும் இல்லாத ஒரு சிறிய உவமையைக் காண்பீர்கள். ஒருவன் விதைத்துவிட்டு இரவில் தூங்கி, பகலில் விழித்திருக்கிறான்; விதை எப்படி முளைத்து வளர்கிறது என்று அவனுக்குத் தெரியாது; நிலம் தானாகவே முதலில் முளையையும் பின்பு கதிரையும் கொடுக்கிறது. புதியவர்கள் முளை வந்ததா என்று மண்ணைக் கிளறிப் பார்க்கிற வழக்கத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன். என் விசுவாசம் வளர்ந்திருக்கிறதா, செபிக்கத் தொடங்கி இரண்டு கிழமை ஆகியும் ஏன் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்று உள்ளத்தைக் கிளறிப் பார்ப்பதும் அதுவேதான். கிளறிய விதை முளைக்காது. விதைத்தவன் தூங்கினான் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், நீங்களும் தூங்குங்கள்.

கீரைக்குப் பின் பயிற்றையும் வெண்டியும் போடலாம்; முதற் காய்க்கு ஒன்றரை முதல் இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். கத்தரிக்கு நாற்றுப் போட்டு, நாலைந்து கிழமையில் பிடுங்கி நட வேண்டும். அந்த நீண்ட பயிர்களோடு சங்கீதங்களைத் தொடங்கினால், நாளுக்கு ஒன்றாக 150 சங்கீதங்களும் ஐந்து மாதத்தில் முடியும். கார்த்திகையில் தொடங்கியவர் பங்குனி முடிய, மண் வெடிக்கத் தொடங்குகிற நேரத்தில், அல்லேலூயாச் சங்கீதங்களுக்கு வந்து சேருவார்.

நான்காம் படி: இறைப்பு

இதுவே இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. மற்றப் படிகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் சமாளிக்கலாம். இறைப்பைத் தவறவிட்டால் பயிர் இல்லை.

1995ஆம் ஆண்டு ஐப்பசி முடிவில், போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது, மழையோடு மழையாக எங்கள் வளவை விட்டுக் குடாநாட்டின் கிழக்கிலுள்ள தென்மராட்சிக்குப் போனோம். அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது வீட்டுக் கூரையின் ஒரு பக்கம் இல்லை, கத்தரிப் பாத்தி இருந்த இடத்தில் ஆளுயரப் பற்றை. ஆனால் எங்களை உண்மையில் கலங்க வைத்தது கிணறுதான். அரை ஆண்டாக ஒருவரும் இறைக்காத தண்ணீரில் இலையும் குப்பையும் அழுகி, பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம் வீசியது. "இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே வாளியைக் கட்டினார். அயலவர்களும் சேர்ந்து மூன்று நாள் மாறி மாறி இறைத்தோம். மூன்றாம் நாள் மாலை, கல்லின் வெடிப்பிலிருந்து புதுத் தண்ணீர் கசிந்து வருவதைக் கிணற்றுக்குள் இறங்கி நின்ற என் அண்ணா கையால் தொட்டுக் காட்டினார். ஊற்று அந்த ஆறு மாதமும் அங்கேயே இருந்திருக்கிறது. அன்றிரவு அம்மா எரேமியா 29ஆம் அதிகாரத்தை, நாடு கடத்தப்பட்டவர்களுக்குத் தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தை, எங்களுக்கு வாசித்துக் காட்டினார்: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள். அடுத்த நாள் காலை முருங்கைத் தடி ஒன்றை ஊன்றினோம்.

பல காலம் செபிக்காமல் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அந்தக் கிணற்றைத்தான் சொல்வேன். முதல் நாட்களில் உள்ளத்திலிருந்து வருவது நாற்றமாகத்தான் இருக்கும்: கோபம், அலுப்பு, வேறு நினைவுகள், நித்திரை. அதைக் கண்டு, எனக்குச் செபம் வராது என்று வாளியை வைத்துவிடாதீர்கள். அதுவும் வெளியே வர வேண்டிய தண்ணீர்தான். தொடர்ந்து இறையுங்கள்.

மற்றப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. குடாநாட்டின் நிலத்தடியில் நன்னீர் கடல்நீருக்கு மேல் மிதந்தபடி ஒரு வில்லையைப் போலத் தங்கியிருக்கிறது. அளவுக்கு மீறி, விரைவாக, பெரிய பம்பியால் இழுத்தால், கீழேயுள்ள உவர் மேலே ஏறி நல்ல கிணறும் கெட்டுவிடும். கரையோரக் கிராமங்களில் இதை அனுபவித்தவர்கள் பலர். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில், இறைக்கிற வேகமும் ஊறுகிற வேகமும் ஒன்றுக்கொன்று ஈடாக இருந்தன. நான் பார்த்தவரையில், நாலு நாள் முழு இரவுச் செபம், உபவாசம் என்று ஒரே மூச்சில் இழுத்துவிட்டு, பின்பு சபைப் பக்கமே வராமற் போனவர்களின் உள்ளத்திலும் இப்படித்தான் உவர் ஏறியிருக்கிறது. உபவாசம் நல்லது, இராச் செபமும் நல்லது. ஆனால் புதியவருக்கு நாள்தோறும் பதினைந்து நிமிடமே பாதுகாப்பான அளவு. ஞாயிற்றுக்கிழமையைக் கிணறு ஊறுகிற நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று மற்றவர்களோடு சேர்ந்து வழிபட்டு, திருவிருந்தில் பங்குபற்றி, மண்வெட்டியைத் தொடாமல் இருங்கள்.

செய்முறை இதுதான். காலையில் கிணற்றடிக்குப் போனதும் முதல் வாளியில் முகம் கழுவி, ஆண்டவர் கற்பித்த செபத்தை மெதுவாகச் சொல்லுங்கள். "அன்றன்றுள்ள அப்பம்" என்ற இடத்தில் சற்று நில்லுங்கள். நாளைக்கு உரிய தண்ணீரை இன்றைக்கு இறைத்து வைக்க முடியாது. பின்பு கத்தரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடத் தொடங்குங்கள். ஐந்து கன்று இருந்தால் ஐந்து பேரின் பெயரை அவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: நோயில் இருக்கும் ஒருவர், வெளிநாட்டில் தனியாக இருக்கும் ஒருவர், உங்களோடு பேசாமல் இருக்கும் ஒருவர். ஒவ்வொரு கன்றுக்கும் ஊற்றும்போது அந்தப் பெயரைச் சொல்லி, வேறொன்றும் சொல்ல வராவிட்டால் "ஆண்டவரே, இரங்கும்" என்று மட்டும் சொல்லுங்கள். இப்படிச் செய்தால் கன்றும் காயாது, அந்த ஐவரும் உங்கள் செபத்திலிருந்து விடுபட்டுப் போகமாட்டார்கள். பேசாமல் இருக்கும் அந்த ஒருவருடைய கன்றுக்குத் தண்ணீர் விடுவது முதல் வாரம் கடினமாக இருக்கும். விடுங்கள்.

கோடையில் விட்ட தண்ணீர் சில நிமிடத்தில் மேல்மண்ணிலிருந்து மறைந்துவிடும். பார்க்கிறவருக்கு வீணாகப் போனது போலத் தோன்றும். வேருக்குப் போகிற தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றையும் உணராமல் செபித்து எழும்புகிற நாட்களைப் பற்றியும் அப்படியே எண்ணுங்கள். தவக்காலம் நமக்கு மாசி, பங்குனியில், கிணற்று மட்டம் இறங்கத் தொடங்குகிற பருவத்தில் வருகிறது. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலமோ மாரியின் நடுவில் வருகிறது. பெந்தெகொஸ்தே வரும்போது தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்று வீசத் தொடங்கியிருக்கும். திருச்சபையின் காலங்கள் நம்முடைய மண்ணிலும் அர்த்தத்தோடு வந்து பொருந்துவதை, இரண்டொரு வருடம் பாத்தி வைத்திருக்கிறவர் தாமாகவே கண்டுகொள்வார்.

களையைப் பற்றி

இதில் அதிகம் சொல்ல இல்லை. கோரையைப் புல்லாக நினைத்து மேலே பிடுங்கினால் கிழங்கு கீழே இருந்துகொண்டு மறுபடி வரும். கொத்திக் கிழங்கை எடுக்க வேண்டும். உங்களைத் திரும்பத் திரும்ப விழுத்துகிற பழக்கமும் அப்படியே. எந்த நேரத்தில், எந்தத் தனிமையில், எந்தக் காயத்திலிருந்து அது முளைக்கிறது என்று கண்டு, நம்பிக்கையான ஒருவரிடம், உங்கள் போதகரிடமோ பங்குக் குருவிடமோ, சொல்லிவிடுங்கள். அதேவேளை, கன்று மிகச் சிறியதாக இருக்கும்போது அதன் தண்டை ஒட்டி நிற்கிற களையைப் பிடுங்கினால் கன்றின் வேரும் அசையும். சில களைகளை, கன்று வேர் பிடிக்கும்வரை, நிற்க விட வேண்டியிருக்கும். கோதுமைக்குள் களை விதைக்கப்பட்ட உவமையில், இரண்டையும் அறுப்புவரை வளரவிடுங்கள் என்று எசமான் சொன்னது மற்றவர்களைத் தீர்ப்பிடுவதில் அவசரப்படுகிற நமக்கும் உரியது.

முந்திரிகைக் கொடியில் கத்தி வைத்தல்

ஒரு வருடம் பாத்தி வைத்துப் பழகியவர்கள் அடுத்ததாக ஒரு முந்திரிகைக் கொடி நாட்ட வேண்டும் என்று ஆசையோடு கேட்டுக்கொள்கிறேன். தமிழ் வேதாகமத்தில் திராட்சச்செடி என்று வாசிப்பதை நாம் ஊரில் முந்திரிகை என்கிறோம். வேறிடத்தில் முந்திரி என்று சொல்லப்படுவது நமக்கு மரமுந்திரிகை. இந்த வெப்ப மண்ணில் பந்தலில் முந்திரிகை குலை குலையாகத் தொங்குவது நமக்குக் கிடைத்த ஒரு கொடை. 1928இல் தோமஸ் அடிகளார் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் துறவிகள் மௌனத்தையும் செபத்தையும் கைவேலையையும் ஒன்றாக வைத்து வாழ்ந்தவர்கள். அவர்களுடைய முந்திரிகைரசம் யாழ்ப்பாணத்தவர் எல்லோரும் அறிந்தது. செபிக்கிறவர் கையில் மண் இருக்கலாம் என்பதற்கு நம் ஊரிலேயே நூறாண்டை அண்மிக்கும் சாட்சி அது.

கொடியின் தடியை நட்டு, பந்தலுக்கு ஏற்றி, முதற் குலை காண ஒரு வருடத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். குளிர் நாடுகளில் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். நம் ஊரில் அதற்கு உறக்கம் இல்லை. விட்டால் இலையும் கொடியுமாகப் படர்ந்துகொண்டே போகும். முற்றிய கொடியை நாம் வெட்டினால்தான், மிஞ்சிய கணுக்களிலிருந்து புதுத் தளிர் வந்து, அந்தத் தளிரிலே பூவும் குலையும் வரும். ஆகவே இங்கே வெட்டு இல்லையேல் பழம் இல்லை.

எனக்கு இது தெரிந்திருந்தும், என் முதற் கொடியில் கத்தி வைக்க மனம் வரவில்லை. பந்தல் முழுவதும் பச்சையாக, நிழலாக, பார்க்கவே மனம் நிறைந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். குலை மட்டும் இல்லை. பக்கத்து வளவில் நாற்பது வருடமாகத் தோட்டம் செய்த அப்பு ஒரு நாள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, வெட்டப் பயந்தியெண்டால் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேணும்" என்றார். தாமே கத்தரிக்கோலை வாங்கி, ஒவ்வொரு கொடியிலும் சில கணுக்களை மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டினார். வெட்டு முனைகளிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. கொடி அழுகிறது என்றேன். வேர் உயிரோடு இருந்தால்தான் அது சொட்டும் என்றார். இரண்டு கிழமைக்குள் கணுக்கள் வெடித்தன. ஏறக்குறைய நாலு மாதத்தில் முதற் குலையை அவருக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

யோவான் 15ஆம் அதிகாரத்தில், கனி கொடுக்கிற கொடியைப் பிதா அதிக கனி கொடுக்கும்படி "சுத்தம்பண்ணுகிறார்" என்று நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. மூலமான கிரேக்கச் சொல்லுக்குச் சுத்தமாக்குதல் என்ற பொருளும் கிளை நறுக்குதல் என்ற பொருளும் உண்டு. அடுத்த வசனத்தில் சீடர்களைப் பார்த்து, நான் சொன்ன உபதேசத்தினால் நீங்கள் சுத்தமாயிருக்கிறீர்கள் என்று ஆண்டவர் சொல்லும்போதும் அதே வேரிலிருந்து வந்த சொல்லே நிற்கிறது. வெட்டுப்படுவது பட்ட கொடி மட்டுமே என்று நாம் நினைக்கிறோம். கனி கொடுக்கிற கொடியும் வெட்டப்படுகிறது.

இங்கே கவனமாகச் சொல்ல வேண்டியதொன்று. ஒருவருக்கு வந்த நோயையும் மரணத்தையும் போரையும் பார்த்து, இது கடவுள் உன்னை நறுக்குகிறார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடு நான் உடன்படவும் இல்லை. நறுக்குதலை நான் என் பக்கத்திலிருந்து மட்டும் பேசுகிறேன். வருடத்தில் இரண்டு முறை, கொடி வெட்டுகிற அதே கிழமையில், என் நாட்களில் இலையாக மட்டும் படர்ந்திருப்பவற்றைப் பார்த்து, எதை விட வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்கிறேன். ஒரு முறை அது சபையில் நான் விரும்பி வைத்திருந்த ஒரு பதவியாக இருந்தது. புகழும் நிழலும் தந்த பதவிதான். விட்ட பின் பல நாள் வெட்டு முனை சொட்டியது. ஆனால் அந்த நேரம் கிடைத்ததால்தான் நோயாளிகளைப் போய்ப் பார்க்கத் தொடங்கினேன்.

நீங்களும் ஒன்றை மட்டும் வெட்டிப் பாருங்கள். கைத்தொலைபேசியில் செலவிடும் இரவு நேரமாக இருக்கலாம், மற்றவர் குறையைப் பேசுகிற ஒரு கூட்டாக இருக்கலாம். மழைக்காலத்தில் பூக்கிற மாதிரி வெட்டக்கூடாது, பூஞ்சணம் பிடிக்கும் என்று தோட்டக்காரர் சொல்வர். மனம் மிகவும் சோர்ந்திருக்கும் காலத்தில் பெரிய தீர்மானங்களை எடுக்காமல், நிலைமை தெளியும்வரை பொறுத்திருப்பதும் அதைப் போன்ற அறிவுதான்.

பட்டுப்போனால்

பட்டுப்போகும். என் முதல் கத்தரிப் பாத்தியை நானே கெடுத்தேன். சீக்கிரம் காய்க்க வேண்டுமென்று யூரியாவை அள்ளிப் போட்டு, கன்றுகளை எரித்துவிட்டேன். அப்படி மிஞ்சிப் போட்ட உரம் மழையோடு இறங்கிக் கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்றாகச் சேர்கிறது என்பது குடாநாடு முழுவதற்கும் உள்ள பிரச்சினை. அவசரம் கன்றை மட்டுமன்றி ஊற்றையும் கெடுக்கிறது.

லூக்கா 13ஆம் அதிகாரத்தில் மூன்று வருடமாகக் கனி கொடாத அத்திமரத்தை வெட்டச் சொல்கிறார் எசமான். தோட்டக்காரன் என்ன சொல்கிறான் என்று பாருங்கள்: "ஐயா, இது இந்த வருஷமும் இருக்கட்டும், நான் இதைச் சுற்றிலும் கொத்தி, எருப்போடுவேன்." உங்களைக் குறித்து ஒருவர் அப்படிப் பரிந்து பேசிக்கொண்டிருக்கிறார் என்பதே நற்செய்தி. ஒரு கிழமை செபிக்காமல் விட்டுவிட்டால், விட்ட நாட்களுக்குக் கணக்குப் பார்த்து ஈடுசெய்ய முயலாமல், அடுத்த காலை மறுபடி பதினைந்து நிமிடம் இருங்கள்.

சில சோர்வுகள் செபத்தால் மட்டும் தீருவதில்லை. கிழமைக் கணக்கில் நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே விருப்பமில்லை என்றால், தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தங்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் ஒரு மிசனறி மருத்துவர். செபமும் மருந்தும் ஒரே கையால் கொடுக்கப்பட்ட ஊர் இது.

வேலிப் பொட்டு

முதல் விளைச்சலை வீட்டுக்குள் கொண்டுபோகுமுன் ஒரு பிடியை வெளியே கொடுங்கள். லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவருக்கும் அந்நியருக்கும் விட்டுவிடச் சொல்லப்பட்டிருக்கிறது. பாத்தியின் ஓரத்து இரண்டு வரியை அப்படி வைத்துக்கொள்ளலாம். எங்கள் வேலிப் பொட்டுக்கு, அதாவது வேலியிலுள்ள சிறு இடைவெளிக்கு, அந்தப் பக்கம் சைவக் குடும்பம் ஒன்று இருக்கிறது. கீரை இந்தப் பக்கமிருந்து போகும், பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் அந்தப் பக்கமிருந்து வரும். கொடுக்கும்போது பிரசங்கம் செய்யத் தேவையில்லை. கேட்டால், நீங்கள் காலையில் கிணற்றடியில் என்ன செய்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

சபையில் நன்றியறிதல் ஞாயிறு வரும்போது, கடையில் வாங்கிய பழத்தை விட, உங்கள் பாத்தியில் வந்த பூச்சி அரித்த ஒரு கத்தரிக்காயைப் பீடத்துக்குக் கொண்டுபோங்கள். "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வசனத்தை, அந்தக் காயைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள்.

விதை

கடைசி வேலை பங்குனியில் வரும். பயிற்றையில் நல்ல கொடி ஒன்றைத் தெரிந்து, அதிலுள்ள நீளமான காய்களைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றி உலர விடுங்கள். தோல் சருகாகி, உலுப்பினால் உள்ளே விதை சத்தம் போடும்போது பறித்து, நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலோடு கலந்து, உலர்ந்த போத்தலில் இட்டு மூடுங்கள். போத்தலின் மேல் வருடத்தையும், அந்தப் போகத்தில் நீங்கள் யாருக்காகச் செபித்தீர்களோ அந்த ஐந்து பெயர்களையும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆவணி பிறந்ததும் மூடியைத் திறந்து, பாதி விதையை நீங்கள் வைத்துக்கொண்டு, மீதியை சபையில் புதிதாக வந்து அமர்ந்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து, கிணற்றடிக்குக் கிட்டே இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.